பங்கு வடிகட்டி

பங்கு வடிகட்டி என்பது பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுள், முதலீட்டாளர் விதிக்கும் அளவைகளுக்குப் பொருந்துவனவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் கணினிவழித் தேடற்கருவி ஆகும். இந்தியாவில் பங்குத்தரகு நிறுவனங்கள் பலவும் இதனைத் தம் இணையத்தளத்திலும் செல்பேசிச் செயலியிலும் வாடிக்கையாளருக்கு வழங்குகின்றன. பரஸ்பர நிதித் திட்டங்களை இவ்வாறே பிரித்துத் தரும் கருவி நிதி வடிகட்டி எனப்படும். பேச்சுவழக்கில் இரண்டையும் ஸ்கிரீனர் என்றே குறிப்பிடுவர்.

வடிகட்டி ஒரு பங்கை வாங்கச் சொல்வதில்லை. விதித்த அளவைக்குள் அடங்காதவற்றை நீக்குவது மட்டுமே அதன் பணி. எஞ்சியவை நல்ல நிறுவனங்கள் என்று பொருள்கொள்வதே இக்கருவியைப் பயன்படுத்துவோர் செய்யும் முதற்பிழையாகும். அதற்குத் தரவாகக் கிடைக்காத எதுவும் அதன் கண்ணில் படுவதில்லை. வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இது கீழே விளக்கப்படுகிறது.

வரலாறு

கணினிக்கு முன்னர் இப்பணி கையால் நடைபெற்றது. சென்னையின் கோத்தாரி நிறுவனம் 1930களிலேயே இந்திய நிறுவனங்களின் மூலதனம், இலாபம், ஈவுத்தொகை ஆகியவற்றைத் தொகுத்து முதலீட்டாளர் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்பவருடன் இணைந்து 1934-இல் பங்கு ஆய்வு பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1949-இல் பொதுமக்களுக்காக அவர் எழுதிய மற்றொரு நூலின் பிந்தைய பதிப்பில் எச்சரிக்கையான முதலீட்டாளருக்கென எண்வடிவில் சில விதிகள் தரப்பட்டன. நடப்புச் சொத்துகள் நடப்புப் பொறுப்புகளைப்போல் இருமடங்கு இருத்தல், இருபது ஆண்டுகள் இடைவிடாது ஈவுத்தொகை வழங்கியிருத்தல், விலை கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி வருவாயைப்போல் 15 மடங்குக்கு மிகாதிருத்தல் என்பன அவற்றுட் சில. இன்றைய வடிகட்டிகளில் நிரப்பப்படும் கட்டங்கள் பெரும்பாலும் இவ்விதிகளின் வழிவந்தவையே.

இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தை 1994-இல் கணினித்திரை வழிப் பங்கு வணிகத்தைத் தொடங்கியது. 1996-இல் வைப்பகச் சட்டம் இயற்றப்பட்டுப் பங்குகளை மின்வடிவில் வைத்திருக்கும் டீமேட் முறை நடைமுறைக்கு வந்தது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2000-ஆம் ஆண்டில் இணையவழி வணிகத்தை அனுமதித்தது. இவற்றின் விளைவாக வட்டாரச் சந்தைகள் மெல்ல மறைந்தன. 1937-இல் நிறுவப்பட்ட சென்னைப் பங்குச் சந்தை 2015-இல் செபியின் ஒப்புதலுடன் விலகிக்கொண்டது. முன்பு தரகரின் அலுவலகத்தில் காத்திருந்து பெற்ற தகவலை இன்று பாகாயத்தில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே பெற இயலும். ஆயின் அக்காலத் தரகர் வாய்மொழியாகச் சொல்லிய ஊர்ச்செய்தி இப்போது அதனுடன் வருவதில்லை.

செயற்படும் விதம்

பட்டியலிட்ட நிறுவனங்கள் தம் கணக்குகளைப் பங்குச் சந்தைகளுக்குக் குறித்த காலத்தில் அளிக்கவேண்டும். காலாண்டு முடிவுகளை 45 நாட்களுக்குள்ளும், நிதியாண்டின் தணிக்கை செய்த முடிவுகளை 60 நாட்களுக்குள்ளும், பங்குடைமை விவரத்தைக் காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள்ளும் தருதல் விதி. தரவு நிறுவனங்கள் இவற்றைத் திரட்டி ஒரே அட்டவணையாக்கித் தரகு நிறுவனங்களுக்கு வழங்குகின்றன. பயனர் விதிக்கும் நிபந்தனைகள் அவ்வட்டவணையின் நிரல்கள்மீது செயற்படுகின்றன.

இதனால் விலை அன்றாடம் மாற, வருவாய் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையே மாறுகிறது. நவம்பர் முதல் வாரத்தில் வடிகட்டியை இயக்குவோருக்குச் சில நிறுவனங்களின் செப்டம்பர்க் கணக்கும் வேறு சிலவற்றின் சூன் கணக்கும் கலந்தே கிடைக்கும். திரையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. மேலும், தனி நிறுவனக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்பதையும் பார்க்கவேண்டும். ஒரே நிறுவனத்துக்கு இரண்டும் மிக வேறுபட்ட விடைகளைத் தரக்கூடும்.

மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஐயாயிரத்துக்கும் மேல். சந்தை மதிப்பு 500 கோடி உரூபாய்க்கு மேல், கடன் சொந்த மூலதனத்தில் பாதிக்குள், ஈடுபடுத்திய மூலதனத்தின் மீதான ஈட்டம் ஐந்தாண்டுகளாக 15 விழுக்காட்டுக்கு மேல், விலை வருவாய் விகிதம் 25-க்குள் என நான்கு நிபந்தனைகளை ஒருங்கே விதித்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும். நிபந்தனைகளை மேலும் இறுக்கினால் விடையே வாராமற் போகலாம். அதைக் கண்டு ஒவ்வொன்றாகத் தளர்த்தி, முன்பே மனத்தில் வைத்திருந்த பங்கு பட்டியலில் தோன்றும்வரை மாற்றிக்கொண்டிருப்பது பலரிடமும் காணப்படும் வழக்கம். அது தேடல் ஆகாது.

விலை வருவாய் விகிதம்

மிகுதியும் பயன்படுத்தப்படுவதும் மிகுதியும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இவ்வளவையே. பங்கின் விலையைப் பங்கொன்றுக்கான ஓராண்டு வருவாயால் வகுத்தால் இது கிடைக்கும். விலை 240 உரூபாய், வருவாய் 12 உரூபாய் எனில் விகிதம் 20. அந்த 12 உரூபாயில் 5 உரூபாய் நிலம் ஒன்றை விற்றதால் கிடைத்தது என்று கொள்வோம். அடுத்த ஆண்டு விற்க நிலம் இராது. தொழில்வழி வருவாய் 7 உரூபாய் மட்டுமே. விகிதம் 34-ஐத் தாண்டுகிறது. 25 என வரம்பு வைத்த வடிகட்டியில் இப்பங்கு தகுதி பெற்றதாகவே காட்டப்படும்.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கடன் விகிதத்தைப் பொருத்துவதும் இத்தகைய பிழையே. பிறர் பணத்தைப் பெற்றுக் கடன் கொடுப்பதுதான் அவற்றின் தொழில். ஆதலின் கடன் குறைந்த நிறுவனம் வேண்டும் என்ற ஒரே நிபந்தனை வங்கித்துறை முழுவதையும் நீக்கிவிடும். துறைவாரியாகத் தனித்தனியே வடிகட்டுதலே முறையாகும்.

தோல் வட்டாரத்தில் வடிகட்டி

பாகாயம் வேலூர் நகரின் தென்பகுதியில் உள்ளது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் கல்லூரி வளாகமும் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கு அமைந்துள்ளன. மாதச் சம்பளம் பெறும் குடும்பங்கள் பல வாழும் பகுதி இது. இங்குள்ள ஒருவர் தமக்குத் தெரிந்த தொழிலில் முதலீடு செய்ய விரும்பி, வடிகட்டியில் தோல் துறையைத் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். தெரிந்த தொழிலில் முதலிடுக என்பது பரவலாகக் கூறப்படும் அறிவுரையும் ஆகும்.

திரையில் வருவது அவருக்கு வியப்பளிக்கும். கான்பூரைச் சேர்ந்த மிர்சா இன்டர்நேசனல், சூப்பர்அவுசு ஆகியவை வரும். காலணித் துறையைச் சேர்த்தால் பாட்டா இந்தியா போன்றவை வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலையளிக்கும் பெரிய காலணி நிறுவனங்கள் வருவதில்லை. அவற்றுட் பெரும்பாலானவை குடும்ப உடைமையிலுள்ள கூட்டாண்மைகளாகவோ தனியார் வரையறுக்கப்பட்ட நிறுமங்களாகவோ இயங்குபவை. அவற்றின் பங்குகள் சந்தைக்கு வந்ததே இல்லை. நாள்தோறும் காலையில் தொழிலாளரை ஏற்றிச்செல்லும் ஷூ கம்பெனிப் பேருந்துகளைக் கண்டு அத்தொழிலின் ஏற்ற இறக்கத்தை அறிந்தவருக்கு, அவ்வறிவைப் பங்காக மாற்ற வழியில்லை. வேறொரு மாநிலத்து நிறுவனத்தை அத்தொழிலின் பெயரால் வாங்கினால் அவருடைய உள்ளூர் அறிவு அங்குப் பாதியளவே பயன்படும்.

ஊர்ப்பெயரால் தேடுவதும் உதவுவதில்லை. வடிகட்டிகளில் ஆலை அமைந்த இடம் என்ற கட்டம் பொதுவாக இல்லை. எடுத்துக்காட்டாக, திருமலை கெமிக்கல்ஸ், அல்ட்ராமரைன் அண்டு பிக்மெண்ட்ஸ் என்னும் பட்டியலிட்ட நிறுவனங்கள் இரண்டுக்கும் இராணிப்பேட்டையில் ஆலைகள் உள்ளன. ஆனால் பதிவு அலுவலகம் மும்பை என்பதால், அவை இவ்வட்டாரத்தவை என்பது ஆண்டறிக்கையைத் திறந்தாலன்றித் தெரியாது.

இவற்றுள் திருமலை கெமிக்கல்ஸ், விலை வருவாய் விகிதத்தின் மற்றொரு பொறியை விளக்கப் பொருத்தமானது. அதன் முதன்மைப் பொருளான தாலிக் அன்ஐதரைடு, வண்ணப்பூச்சு, நெகிழி முதலிய தொழில்களின் மூலப்பொருள். உலகச் சந்தையில் அதன் விலைக்கும் அதற்கான மூலப்பொருளின் விலைக்கும் உள்ள இடைவெளி விரிந்தால் இலாபம் பெருகும், சுருங்கினால் மறையும். நிறுவனம் 2021-22 நிதியாண்டில் பேரிலாபம் ஈட்டியது. 2023-24 நிதியாண்டில் இழப்பைச் சந்தித்தது. இத்தகைய சுழற்சித் தொழில்களில் இலாபம் உச்சத்தில் இருக்கும்போதே விலை வருவாய் விகிதம் மிகக் குறைவாகத் தோன்றும். பங்கின் விலை 200 உரூபாய் எனவும், உச்ச ஆண்டின் வருவாய் 25 உரூபாய் எனவும் கொண்டால் விகிதம் 8; வடிகட்டி இதை மலிவென்று முன்னிறுத்தும். வருவாய் 8 உரூபாய்க்கு இறங்கினால் அதே விலையில் விகிதம் 25. இழப்பு ஏற்பட்டாலோ விகிதமே கணக்கிட இயலாது. பங்கு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதாவது வாங்கக்கூடாத காலத்தில் காட்டி, ஆராயவேண்டிய காலத்தில் மறைக்கிறது. பத்தாண்டுச் சராசரி வருவாயைக் கொண்டு வகுப்பது இதற்கு ஓரளவு மாற்று.

எண்ணில் வாராதவை

தோல் பதனிடும் தொழிலின் பெருஞ்செலவு ஒன்று கணக்கேடுகளில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. அது பாலாறும் அதன் கரையிலுள்ள கிணறுகளும் நிலங்களும் ஏற்றுக்கொண்ட செலவு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என அதில் உறுதிசெய்யப்பட்டது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 உரூபாய் தண்டம் விதிக்கப்பட்டதுடன் இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையமும் அமைக்கப்பட்டது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டைச் சிட்கோ வளாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே வட்டாரம் பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டை அரசு வழங்கி, மாசுபடுத்தியோரிடமிருந்து அதனைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட்டது.

இவற்றுள் எதுவும் வடிகட்டியின் கட்டங்களில் வாராது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடும் ஆலையின் செலவு குறைவு. எனவே மூலதனத்தின் மீதான ஈட்டம் உயர்வு. ஆகவே வடிகட்டியில் அது முன்னே நிற்கும். சுத்திகரிப்புக்கு முதலிட்ட ஆலை பின்னே நிற்கும். இந்த வரிசை நீதிமன்ற ஆணை ஒன்றால் ஒரே நாளில் தலைகீழாகக்கூடும் என்பதை இவ்வட்டார மக்கள் கண்கூடாக அறிவர்.

எண்ணே பொய்யாக இருப்பது வேறொரு சிக்கல். சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் இராமலிங்க ராசு 2009 சனவரி 7 அன்று, கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்தில் 5,000 கோடி உரூபாய்க்கும் மேற்பட்ட தொகை உண்மையில் இல்லை என ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய நாள்வரை, ரொக்கம் மிகுந்த, கடன் குறைந்த தகவல் தொழில்நுட்ப நிறுவனம் வேண்டும் என்று தேடியோருக்குச் சத்யம் கிடைத்திருக்கும். அந்நிறுவனத்தின் மீது ஐயம்கொள்ள ஒரு தடயம் இருந்தது. அவ்வளவு ரொக்கத்துக்கு உரிய வட்டி வருவாய் உண்மையாக வந்ததா என்ற கேள்வியே அது. அதைக் கேட்கும் கட்டம் வடிகட்டிகளில் பொதுவாக இல்லை.

இசுலாமிய நெறிப்படி வடிகட்டல்

ஆம்பூர் வட்டாரத் தோல் வணிகத்தில் முசுலிம் குடும்பங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. வட்டியை விலக்கும் இசுலாமிய நெறியின்படி முதலீடு தேடுவோருக்கு வடிகட்டி உண்மையிலேயே உதவும் கருவியாகும். இது இரண்டு படிகளில் நடைபெறும். முதலாவதாக, வட்டிவழி வங்கி, காப்பீடு, மது, சூதாட்டம் முதலிய துறைகள் நீக்கப்படும். இரண்டாவதாக, எஞ்சிய நிறுவனங்களில் வட்டிக்கடன், வட்டி வருவாய் ஆகியவற்றின் அளவு வரம்பிடப்படும். கடன் வரம்பு நியமத்துக்கு நியமம் 25, 30, 33 விழுக்காடு என மாறும். சில நியமங்கள் மொத்தச் சொத்தையும் வேறு சில சந்தை மதிப்பையும் அடிப்படையாகக் கொள்கின்றன. சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொண்டால், பங்கு விலை வீழ்ந்த மாத்திரத்தில், கடன் ஒரு காசும் கூடாமலே நிறுவனம் தகுதியிழக்கக்கூடும்.

தேசியப் பங்குச் சந்தை 2008 முதலும் மும்பை பங்குச் சந்தை 2010 முதலும் இந்நெறிக்குட்பட்ட குறியீடுகளை வெளியிட்டன. டாட்டா எதிக்கல் ஃபண்டு, நிஃப்டி 50 ஷரியா குறியீட்டைப் பின்பற்றும் ஷரியா பீசு ஆகியவை இவ்வகை நிதிகள். குறியீட்டின் உறுப்புப் பட்டியலைப் பெற்று அதன்மீது மட்டும் தம் நிபந்தனைகளை இயக்குவது எளிய வழி. நிறுவன வருவாயில் சிறு பகுதி வட்டியாக இருப்பின், ஈவுத்தொகையில் அதே விகிதத்தை அறச்செயலுக்கு அளித்துத் தூய்மைப்படுத்துவது வழக்கம். வருவாயில் 3 விழுக்காடு வட்டி எனில் 1,000 உரூபாய் ஈவுத்தொகையில் 30 உரூபாய் அவ்வாறு அளிக்கப்படும்.

இதில் ஒரு முரண் உண்டு. ஏற்றுமதித் தோல் தொழில் பெரும்பாலும் வங்கிகளின் ஏற்றுமதிக் கடனில் நடப்பது. எனவே தொழில் ஏற்புடையதாயினும் கடன் வரம்பால் தோல் நிறுவனம் ஒன்று விலக்கப்பட்டு, அத்தொழிலோடு தொடர்பற்ற மென்பொருள் நிறுவனங்களே பட்டியலை நிரப்பக்கூடும்.

நிதி வடிகட்டி

பரஸ்பர நிதித் திட்டங்களைப் பிரித்தல் பங்குகளைப் பிரிப்பதைவிட எளிது. செபி 2017 அக்டோபரில் திட்ட வகைகளை வரையறுத்தது. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் பெருநிறுவனங்கள் எனவும், 101 முதல் 250 வரை நடுத்தர நிறுவனங்கள் எனவும், 251 முதல் சிறுநிறுவனங்கள் எனவும் அப்போது வகுக்கப்பட்டன. ஆகவே ஒரே வகைக்குள் ஒப்பிடுதல் இப்போது பொருளுடையது. வகை கடந்து ஒப்பிடுதல் பொருளற்றது.

பெரும்பாலோர் செய்வது ஓராண்டு ஈட்டத்தின்படி வரிசைப்படுத்தி முதலில் நிற்பதை வாங்குவதாகும். கடந்த ஆண்டு எத்துறை உயர்ந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். மேலும், சரியாகச் செயற்படாத திட்டங்கள் பிற திட்டங்களுடன் இணைக்கப்பட்டு மறைந்துவிடுவதால், பட்டியலில் எஞ்சியவற்றின் சராசரி உண்மையைவிட அழகாகத் தோன்றும்.

உறுதியாக நம்பத்தக்க கட்டம் செலவு விகிதம். 2013 சனவரி 1 முதல் ஒவ்வொரு திட்டத்துக்கும் முகவர் தரகு இல்லாத நேரடி வடிவம் உண்டு. ஆண்டுக்கு 12 விழுக்காடு ஈட்டம் எனக் கொண்டால் ஓர் இலட்சம் உரூபாய் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 9.65 இலட்சமாகும். செலவில் ஒரு விழுக்காடு கூடி ஈட்டம் 11 ஆனால் 8.06 இலட்சம் மட்டுமே. இவ்வேறுபாடு முதலில் இட்ட தொகையைவிடப் பெரியது. எதிர்கால ஈட்டம் யாருக்கும் தெரியாது, செலவு மட்டும் முன்னரே தெரியும்.

தரகு நிறுவனத்தின் நலன்

வடிகட்டி இலவசமாகத் தரப்படுவதற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் வாங்கி விற்கும்போது தரகருக்கு வருவாய் கிடைக்கிறது. நெடுங்காலம் வைத்திருப்பவரால் மிகுதியாகக் கிடைப்பதில்லை. ஆகவே சில செயலிகளில் அடிப்படை அளவைகளைவிட, இன்று மிகுதியாக உயர்ந்தவை, 52 வார உச்சம் தொட்டவை போன்ற ஆயத்தப் பட்டியல்களே முகப்பில் நிற்கும். அங்கிருந்து முன்பேர வணிகத்துக்குச் செல்வது ஒரு தொடுகைத் தொலைவே. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த செபி, பங்குசார் முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்படைந்ததாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. நிதிகளைப் பொறுத்தமட்டில், தரகர் காட்டுவது நேரடித் திட்டமா, தரகுடன் கூடிய வழக்கமான திட்டமா என்பதைப் பெயரின் இறுதியில் காணலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வடிகட்டியில் தோன்றும் ஒவ்வொரு நிறுவனமும் கணக்கு வெளியிடும் கடப்பாடு உடையது. 2022-இல் காட்பாடி, வேலூர்ப் பகுதியில், மாதந்தோறும் மிகுந்த வட்டி தருவதாகக் கூறிப் பொதுமக்களிடம் வைப்பு திரட்டிய நிறுவனம் ஒன்றின்மீது தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. பலர் தம் சேமிப்பை இழந்தனர். பங்குச் சந்தை சூதாட்டம் என்று ஒதுங்கியவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். அவ்வாறான திட்டங்கள் எந்த வடிகட்டியிலும் தோன்றா. ஒப்பிட வேறெதுவும் இல்லாத இடத்தில் மாதம் ஐந்து விழுக்காடு வட்டி என்பது ஆண்டுக்கு அறுபது விழுக்காட்டைக் கடக்கும் என்று எண்ணிப்பார்க்கத் தோன்றுவதில்லை.

பட்டியல் கிடைத்த பின்னர்

வடிகட்டி தந்த பத்து, பதினைந்து பெயர்களின் ஆண்டறிக்கைகளைப் பங்குச் சந்தைகளின் இணையத்தளங்களிலிருந்து இலவசமாகப் பெறலாம். தலைவர் உரையையும் படங்களையும் கடந்து, நேரக்கூடிய பொறுப்புகள் பற்றிய குறிப்பு, உறவுடையோருடன் நடந்த கொடுக்கல் வாங்கல், தணிக்கையாளரின் அறிக்கை ஆகிய மூன்றை முதலில் படித்தல் நன்று. நிறுவனர்கள் தம் பங்குகளை அடகு வைத்துள்ளனரா என்பதைக் காலாண்டுப் பங்குடைமை விவரத்தில் காணலாம். சில வடிகட்டிகளில் இதற்கெனக் கட்டமும் உண்டு.

சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களிலுள்ள நிறுவனங்கள் தாம் பயன்படுத்திய நீர், வெளியேற்றிய கழிவுநீர், திடக்கழிவு ஆகியவற்றின் அளவைத் தனி அறிக்கையாக வெளியிட வேண்டும் எனச் செபி விதித்துள்ளது. பாலாற்றங்கரையைப் பற்றிய கேள்விகளுக்கு இப்போது எண்வடிவில் விடை கிடைக்கும் இடம் இதுவே. சிறிய தோல் நிறுவனங்கள் அந்த ஆயிரத்துக்குள் வாரா. அவற்றுக்கு ஆண்டறிக்கையின் அடிக்குறிப்புகளையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆணைகளையும் பார்க்கவேண்டும். ஆலை அருகில் இருப்பின், நேரில் சென்று அதன் பின்புறக் கால்வாயையும் பார்க்கலாம்.